ஏக்கர் வரி

படிவத்தின் நான்காம் கட்டம் கேட்கிறது:
நிலம் தங்களுக்கு வந்த திகதி.

ஸ்தவாங்கரில் இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்து
குளிர்க்கோட்டுக் கழற்றாமல் இருக்கிறேன்.
ஆயித்தியமலைக்கு மேற்கே
மூன்று ஏக்கர், ஒரு றூட், பதினொரு பேர்ச்.
வடக்கே மடு, தெற்கே அரச காடு,
கிழக்கே சாமித்தம்பியின் காணி,
மேற்கே பெயரில்லாத பற்றை.
உறுதியில் எல்லைகள் எல்லாம் உண்டு.

அப்பா செத்தால் காணி எனக்கு.
அப்பா செத்த நாள் எது?
தொண்ணூறு ஆவணியில் மாடு சாய்க்கப் போனவர்.
மரணச் சான்றிதழ்
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாசியில்
அம்மா வரிசையில் நின்று வாங்கியது.

வரி அலுவலகப் பெண் தொலைபேசியில்
தன்மையாகத்தான் சொன்னாள்:
பிந்திய திகதியைப் போடுங்கள்,
அப்போது நிலத்தின் பெறுமதி அதிகம்,
விற்கிற இலாபம் குறையும், வரியும் குறையும்.

அவரை இருபத்தொன்றரை வருடம்
உயிரோடு வைத்திருந்தேன்.
மிச்சம் எவ்வளவு என்று திரையில் உடனே வந்தது.

ஐந்தாம் கட்டம்: பயன்பாடு.
"பயன்படுத்தப்படாத நிலம்", ஒரு புள்ளடி.
யானை போகிற வழிக்குக் கட்டம் இல்லை.

நொத்தாரிசு வில்வரெத்தினம் எழுதியிருந்தார்:
களுவாஞ்சிக்குடி ஆள் கஜு வைக்கக் கேட்கிறார்.
முதலில் பிரதேச சபை நிலுவை பார்க்கவேணும்,
தண்டமும் சேர்ந்திருக்கும், காசு ஒதுக்கி வையுங்கோ.
ஒதுக்கினேன்.
வலையிறவுப் பாலம் தாண்டி
வவுணதீவிலிருந்து எடுத்தார்:
"நிலுவை ஒண்டும் இல்ல தம்பி.
வருசா வருசம் கட்டிரிக்கி.
கட்டினவ, சா. அழகுப்பிள்ளை."

பதினைந்து ரசீது. எல்லாம் கூட்டினால்
இங்கே ஒரு கோப்பிக்குக் காணாது.

நொத்தாரிசின் குரல் தாழ்ந்தது:
பத்து வருடம் தாண்டிவிட்டது,
ஆட்சி என்று நாளைக்கு வழக்குப் போடலாம்.
கோப்பிக் காசில் மூன்று ஏக்கர் போகும்.
விற்க முதல் ஒரு கையெழுத்து வாங்குவம்.

எடுத்தேன். பின்னால் வாளிச் சத்தம்.
"ஆரு, மாடு சாய்க்கப் போனவர்ர மகனா?
ஏலத்தில போகும் எண்டு
வேலிக் கட்டையில நோட்டீஸ் ஒட்டிக் கிடந்திச்சு மனே.
என்ட காணிக்குக் கட்டப் போற பஸ்தானே,
ஒரு வரிசை, ரெண்டு துண்டு.
மறுகா, நம்மட மாடு
உங்கட பக்கத்தாலதான் மடுவுக்கு இறங்கும்.
வாடகை எண்டு வச்சுக்கங்க."

கையெழுத்து? போடுவாவாம்.
"வாங்குறவன் மடுப் பக்கம் அடைப்பானா?"
கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருந்தா.
விசாரிக்கிறேன் என்று சொன்னேன்,
பஸ் பிந்தினால் பயணிகளுக்குச் சொல்வதுபோல்.

ஒன்பதாம் கட்டம்: கழிக்கத்தக்க செலவு,
தாங்கள் செலுத்திய காணி வரி.
சைபர்.

திரும்பிப் போய்
ஐந்தாம் கட்டத்துப் புள்ளடியை எடுத்தேன்.
எடுத்ததும் புதிதாக ஒன்று திறக்கிறது:
நிலத்தால் கிடைத்த வாடகை வருமானம்.
இரவு இரண்டு மணிக்கு
பதினைந்து வருட ரூபாவைக் குரோனாவாக்கி
முப்பத்தாறு என்று போட்டேன்.
அதற்கும் வரி உண்டாம்.

காலையில் நொத்தாரிசுக்குச் சொன்னேன்,
உறுதியில் ஒரு வரி சேருங்கள்:
வடக்கே மடு,
கிழக்குக் காணி மாடு இறங்க ஆறடி விட்டு.
அப்படியென்றால் களுவாஞ்சிக்குடி விலை குறைப்பார், தம்பி.
குறைக்கட்டும்.

அவர் ஏதோ சொல்ல வந்து இருமினார்.
பிறகு, ஆறடி காணுமா,
கன்றுகளும் இருக்கு என்றார்.